ட்ராயிங்கை ஃபேக்ஸில் அனுப்ப கன்வெர்ட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜப்பான் வாடிக்கையாளர் ஒருவர், திருத்திய ட்ராயிங்கை ஃபேக்ஸில் அனுப்பச் சொல்கிறார். என்னிடம் இருப்பது ஏ2 அளவு ஆட்டோகேட் கோப்பு. பிரவுசிங் சென்டரில் ஜேபிஜி ஆக்கி அனுப்பினோம். பாதிக் கோடுகள் போய்ச் சேரவில்லை. 6,000 ரூபாய்க்கு ஒருவர் கன்வெர்ட்டர் மென்பொருள் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கோளாறு மென்பொருளில் இல்லை, கோட்டின் நிறத்தில் இருக்கிறது.

ஃபேக்ஸுக்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும்தான். ஏ4 அகலத்துக்கு ஒரு வரியில் 1728 புள்ளிகள். மேலிருந்து கீழே அங்குலத்துக்குச் சாதாரண நிலையில் 98 வரிகள், ஃபைன் நிலையில் 196. மஞ்சள், பச்சை லேயர்கள் (ட்ராயிங்கின் கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்குகள்) முதலில் சாம்பலாகி, பிறகு விட்டுவிட்டுத் தெரியும் புள்ளிகளாக உடைகின்றன. உங்கள் கோடுகள் தொலைந்தது அங்கேதான். ஜேபிஜி போதாக்குறைக்குக் கோட்டோரம் அழுக்கையும் சேர்த்துவிடும்.

எனவே ஆட்டோகேடில் ப்ளாட் (அச்சு) கொடுக்கும்போது மோனோகுரோம் சிடிபியை, அதாவது எந்த நிறத்தை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் கோப்பை, தேர்ந்தெடுத்து பிடிஎஃப் எடுங்கள். எல்லாக் கோடும் கறுப்பாகிவிடும். ஒன்றைத் தவிர. 1 முதல் 255 வரை எண்ணுள்ள நிறங்களைத்தான் சிடிபி மாற்றும். ட்ரூ கலர், அதாவது அந்த எண் இல்லாமல் நேரடியாகக் கலந்த நிறம், கொடுத்த கோடுகளை அது தொடாது, அவை அதே நிறத்தில்தான் வரும். சிடிபி போட்டும் ஒரு கோடு மட்டும் மங்கலாக இருந்தால் காரணம் இதுதான். அந்தக் கோட்டின் நிறத்தை பைலேயர் (லேயரின் நிறத்தையே எடுத்துக்கொள்வது) ஆக்குங்கள். அப்புறம் அந்த லேயரின் நிறத்தையும் பாருங்கள்; அதிலும் ட்ரூ கலர் இருந்தால் எண் நிறமாக மாற்றுங்கள். வேறு இடத்திலிருந்து வாங்கி ஒட்டிய பிளாக் (பல கோடுகளை ஒன்றாகக் கட்டிய படத்துண்டு) இருந்தால் அதன் உள்ளேயும் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் பொறுமை இழந்து கன்வெர்ட்டர் வாங்கப் போகிறார்கள்.

ஏ2-ஐ ஏ4-க்குள் சுருக்காதீர்கள். 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆகிவிடும், சாதாரண நிலையில் அதற்குக் கிடைப்பது ஐந்தே வரிகள். 6, 8 ஆகத் தெரிந்தால் உங்கள் ஷாஃப்ட் ஸ்கிராப். ஏ2 என்பது சரியாக நான்கு ஏ4. ஓரம் வெட்டுப்படாமல் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பிரித்து, தாள் எண் போட்டு அனுப்புங்கள். அப்படிப் பிரித்தால் தாள் நான்கைத் தாண்டலாம். மெல்லிய கோடுகூட 0.25 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

கணினியிலிருந்தே அனுப்புவதானால் பிடிஎஃப்பை குரூப் 3 டிஃப் (ஃபேக்ஸ் விதிப்படி அமைந்த படக் கோப்பு) ஆக்க வேண்டியிருக்கலாம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்: டிஃப்ஜி3 என்ற வடிவம், அங்குலத்துக்கு 204-க்கு 196 புள்ளிகள் என்ற அளவு. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் யாராவது பத்து நிமிடத்தில் செய்துதருவான். இலவசமாகக் கிடைப்பதன்மேல் ஒரு பட்டனை ஒட்டி ஆயிரக்கணக்கில் விற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கோப்பை ஏற்றினால் மாற்றித்தரும் இலவச இணையதளங்கள். அது உங்கள் ட்ராயிங் இல்லை, வாடிக்கையாளருடையது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஊர் பேர் தெரியாத சர்வரில் அதை ஏற்றிவிட்டு, அங்கே அழித்துவிட்டார்கள் என்று எதை வைத்து நம்புவது? பிரவுசிங் சென்டர் கணினியிலும் அந்த ஜேபிஜி இன்னும் கிடக்கலாம். இன்றே போய் அழித்துவிட்டு வாருங்கள்.

பிடிஎஃப்பை மின்னஞ்சலில் ஏற்பார்களா என்று ஒருமுறை கேட்டும் பாருங்கள். 1980-ல் வகுத்த குரூப் 3 விதிக்கு இன்றைய ட்ராயிங்கை ஒடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் அவர்கள் காகித ஃபைலில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாடு முழுவதும் சின்னப் பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இல்லை, ஃபேக்ஸ்தான் வேண்டும் என்றால், உங்களிடம் மெஷின் இருக்கும் பட்சத்தில் டிஃப்பும் வேண்டாம். பிடிஎஃப்பை லேசர் பிரிண்டரில் எடுத்து, எல்லாத் தாளையும் வையுங்கள். ஃபைன் பட்டனை அழுத்திவிட்டு அனுப்புங்கள்.