நாலாவது பெட்டி வேண்டாம், ஒரு ஒயர் இழுங்கள்

இந்த முறை வாசகர் கேள்விகளில் கையில் எடுத்ததெல்லாம் நெட் சமாச்சாரம்தான். இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மதுரையில் எங்கள் வீடு தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி. 200 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மூன்று பெட்டி கொண்ட மெஷ் வைஃபை செட் வாங்கி தளத்துக்கு ஒன்றாக வைத்தேன். கீழே 190 வருகிறது. முதல் மாடியில் 80. இரண்டாம் மாடியில் மகன் அறையில் 20-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் அங்கேயும் போனில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. "இன்னொரு யூனிட் சேர்த்தால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசில் ஒயர் வாங்குங்கள்.

போனில் தெரியும் சிக்னல் கோடு, போனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் நடப்பதை மட்டும்தான் சொல்லும். அந்தப் பெட்டிக்கு நெட் எந்த வழியாக, எத்தனை கை மாறி வருகிறது என்பது போனுக்குத் தெரியாது. மகன் அறையில் பெட்டி தலைமாட்டிலேயே இருக்கிறது, கோடு நிறையாமல் என்ன செய்யும்?

மெஷ் என்றால் பெட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று வைஃபையிலேயே நெட்டை வாங்கிக் கடத்துவது. வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரே அலைத்தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் வாங்கியது இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை) செட் என்று நினைக்கிறேன். அதில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும், உங்கள் போனோடு பேசுவதும் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில். கிணற்றடியில் மூன்று பேர் வரிசையாக நின்று தண்ணீரைக் கைமாற்றுகிறார்கள், ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே குடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கூடினால் வேகம் பாதி, இரண்டு கை கூடினால் மூன்றில் ஒன்று. இதுவும் காகிதக் கணக்குதான். நடுவில் கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட் தளம் வந்துவிட்டால் குடமே ஓட்டைக் குடம். உங்கள் 190, 80, 20 அதைத்தான் சொல்கிறது. நாலாவது பெட்டி அதே வரிசையில் இன்னொரு கை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து வீடுகளின் கூரைகளில் ஆன்டெனா வைத்து ரூஃப்நெட் என்று ஒரு மெஷ் வலை நடத்தினார்கள். கைமாற்றம் குறைவாக இருக்கும் வழிதான் நல்ல வழி என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கை குறைந்தால் ஒவ்வொரு கையும் எட்ட நீள வேண்டும், நீண்டால் பாக்கெட் (நெட்டில் போகும் தரவின் சிறு பொட்டலம்) தவறி விழும், திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அங்கே அளந்து பார்த்ததில் தெரிந்தது. அதனால் 2003-ல் ஈ.டி.எக்ஸ். என்று ஓர் அளவுகோல் வந்தது: ஒரு பாக்கெட் போய்ச் சேர சராசரியாக எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கிறது என்ற கணக்கு. மெஷ் வைஃபைக்கென்று 2011-ல் வந்த 802.11எஸ் தரத்திலும் இதே போக்குதான், ஒரு வழி எவ்வளவு வான்நேரத்தை (ரேடியோ பேசிக்கொண்டிருக்கும் நேரத்தை) தின்கிறது என்று அது பார்க்கிறது. (ரூஃப்நெட்டில் வேலை செய்தவர்கள் 2006-ல் தொடங்கியதுதான் மெராக்கி என்ற நெட்வொர்க் கருவி நிறுவனம். 2012-ல் பெரிய நெட்வொர்க் நிறுவனமான சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. மொட்டைமாடி ஆராய்ச்சி சோறு போடாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.)

ஆகவே முதல் வேலை, செட்டின் ஆப்பைத் திறந்து எந்தப் பெட்டி எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பல ஆப்களில் இதற்கு ஒரு படம் இருக்கும். முதல் மாடிப் பெட்டியை அறைக்குள்ளிருந்து எடுத்து மாடிப்படி ஓரம் வையுங்கள். வீட்டில் கான்கிரீட் தளம் இல்லாத ஒரே ஓட்டை அதுதான். காசில்லாமல் கொஞ்சம் வேகம் கூடும்.

இரண்டாவது, ஒயர். கீழ்ப் பெட்டியிலிருந்து மேல் பெட்டிக்கு நேராக ஒரு கேட் 6 ரக நெட் கேபிள் இழுத்தால் மகன் அறையிலும் 190 பக்கம் வரும். நடுப் பெட்டி மேலேயோ கீழேயோ, எது வசதியோ அதைப் பிடித்துக்கொள்ளும். கீழே 190 வருவதால் உங்கள் பெட்டியில் இருப்பது கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) போர்ட்தான் என்று தெரிகிறது. மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: விலை குறைந்த சில செட்களில் 10/100 போர்ட் இருக்கிறது. அதில் ஒயர் போட்டாலும் 95-க்கு மேல் ஏறாது. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் பாருங்கள்.

கேபிளிலும் ஏமாற்று உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சி.சி.ஏ. ரகத்தையே கேட் 6 என்று கொடுப்பார்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். "முழுச் செம்பு" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீர்கள். வெளிச்சுவர் வழியாக வந்தால் வெயில் தாங்கும் வெளிப்புற ரகம் கேளுங்கள்.

சுவரில் எதையும் செய்ய முடியாத வாடகை வீடு என்றால் மட்டும் மூன்று பேண்ட் செட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டிகள் தங்களுக்குள் பேச அதில் தனி ரேடியோ உண்டு. அதுவும் தளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பெட்டியில் ஏ.எக்ஸ் 3000 என்று போட்டிருக்கிறது. என் போனில் 500 கூட வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: சட்டப்படி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கினால் 3000. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் பேசும் என்பது ஒன்று. அந்த 2402-க்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். பெரும்பாலான போன்கள் 80-ல் நின்றுவிடுகின்றன, அங்கே உச்சம் 1201. அதிலும் கையில் கிடைப்பது பாதியை ஒட்டித்தான். அது போகட்டும், நீங்கள் எத்தனை எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாதம் பணம் கட்டுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. குழாயில் வராத தண்ணீர் தொட்டியில் எப்படி நிறையும்?

கேள்வி: திருப்பூரில் பனியன் தொழில். ஆபீஸும் தையல் யூனிட்டும் ஒரே காம்பவுண்டுக்குள். 300, 200 என்று இரண்டு நெட் இணைப்பு வைத்திருக்கிறோம். எஸ்.டி.-வேன் போட்டால் மொத்தம் 500 கிடைக்கும், நெட் அறுபடவே அறுபடாது என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. கருவி விலை தனி, ஆண்டுக்காண்டு லைசென்ஸ் கட்டணம் தனி. தேவையா?

பதில்: அவர் விற்பது நல்ல சரக்குதான். உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

எஸ்.டி.-வேன் என்பது சாஃப்ட்வேரால் நடத்தப்படும் வெளி இணைப்பு வலை; 'வேன்' என்றால் வெளியே போகும் நெட் இணைப்பு. சாதாரண ரவுட்டர்கள் அவரவர் வழியை அவரவரே முடிவு செய்துகொள்ளும். ஒவ்வொரு லாரி டிரைவரும் தனக்குத் தெரிந்த ரோட்டில் போவது மாதிரி. சாஃப்ட்வேரால் நடத்தப்படும் வலையில் வழி சொல்லும் மூளையைத் தனியாகப் பிரித்து, லாரி ஆபீஸில் உட்கார்ந்து எல்லா வண்டிக்கும் ரூட் சொல்லும் ஓர் ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். ரோட்டில் இருக்கும் கருவி சொன்னபடி ஓடினால் போதும். ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கியோன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஓப்பன்ஃப்ளோ கட்டுரைதான் இதைப் பெரிதாகப் பேசவைத்தது. கூகுள் தன் தரவு மையங்களுக்கு இடையே இருக்கும் பி4 என்ற வலையை இப்படி நடத்தி 2013-ல் விவரம் வெளியிட்டது. இத்தகைய நெடுந்தூர இணைப்புகளை, ஏதாவது அறுந்தால் தாங்க வேண்டுமே என்று 30, 40 சதவீதம் மட்டும் ஓட்டி மிச்சத்தைச் சும்மா வைப்பது வழக்கம். பல இணைப்புகளைக் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவுக்கு ஓட்ட முடிந்தது என்கிறது அந்த விவரம். எந்தச் சரக்கு அவசரம், எது காத்திருக்கலாம் என்று ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிந்ததால் வந்த லாபம் அது.

ஆனால் அந்த லாபத்துக்கு நிறைய ஊரும் நிறைய ரோடும் வேண்டும். உங்களுக்கு ஒரு காம்பவுண்டு, இரண்டு ரோடு. லாரி ஆபீஸ் எதற்கு? இரண்டு இணைப்பைச் செருகக்கூடிய, டூயல் வேன் என்று விற்கும் ரவுட்டர் போதும். ஒன்று போனால் மற்றதுக்கு அதுவே மாற்றிவிடும்.

500 என்ற பேச்சை மட்டும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். சாதாரணமாக இவை வேலைகளைத்தான் பிரித்துவிடும், ஒரே டவுன்லோடை இரண்டாகப் பிளக்காது. பத்து பேர் சேர்ந்து பயன்படுத்தினால் கூட்டிப் பார்க்க 500 வரலாம், ஒருவருக்கு 300-தான். பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து அனுப்பும் வகையும் உண்டு. அதற்கு மறுமுனையில் சேர்த்துக் கட்ட ஒரு கேட்வே வேண்டும், அதன் வாடகையும் உங்கள் தலையில். இன்னொரு தொல்லை: ஒரே ஆள் ஒரு நிமிடம் இந்த இணைப்பு, மறு நிமிடம் அந்த இணைப்பு என்று மாறினால் வெளியே தெரியும் ஐ.பி. முகவரி (நெட்டில் உங்கள் இணைப்பின் அடையாள எண்) மாறும். பேங்க் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் பாதியில் வெளியே தள்ளிவிடலாம். அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர்களை ஒரே இணைப்பில் கட்டிப்போடும் வசதி ரவுட்டரில் இருக்கிறதா என்று வாங்குமுன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாசலுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வருகிறதா? அப்படியென்றால் ஒரு லாரி இடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும், எந்த எஸ்.டி.-வேனும் காப்பாற்றாது. ஒன்றை எடுத்துவிட்டு 5ஜி சிம் போடும் கருவி வைத்துக்கொள்ளலாம்.

நாளைக்குச் சென்னையில் ஷோரூம், தூத்துக்குடியில் ஷிப்பிங் ஆபீஸ் என்று விரிந்து, எல்லோரும் திருப்பூர் சர்வரில் வேலை செய்யும் நிலை வந்தால் அந்தப் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள். அப்போது மூன்றே கேள்வி. லைசென்ஸ் முடிந்த மறுநாள் கருவி ஓடுமா, செங்கல்லாகிவிடுமா? கன்ட்ரோலரோடு (ரூட் சொல்லும் அந்த மூளையோடு) தொடர்பு அறுந்தால் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருக்குமா? ஒரு ஒயரைப் பிடுங்கினால் நடந்துகொண்டிருக்கும் வீடியோ கால் நிற்காமல் போகுமா? மூன்றாவதை வாயால் சொல்ல விடாதீர்கள், பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பீடு டெஸ்டில் குறையே இல்லை. ஆனால் மகள் வீடியோ அப்லோட் செய்ய ஆரம்பித்தால் என் ஆபீஸ் மீட்டிங் திக்கித் திணறுகிறது. கேமிங் ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: ரவுட்டருக்குள் வரிசை நீண்டுபோகிறது. மகளின் கோப்பு நூறு மூட்டையோடு கவுன்டரில் நிற்க, உங்கள் குரல் ஒரு தபால் அட்டையோடு அதன் பின்னால் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் 2012-ல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்தவை இன்று ரவுட்டர்களில் எஸ்.க்யூ.எம். என்ற பெயரில் கிடைக்கின்றன. அந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், சிவப்பு விளக்கும் எட்டு ஆன்டெனாவும் வேண்டாம். போட்டபின் அப்லோட் வேகத்தை, உங்களுக்கு நிஜமாக வருவதில் 90 சதவீதத்துக்குக் கட்டிவிடுங்கள். பழைய ரவுட்டர் ஓப்பன்டபிள்யூஆர்ட்டி என்ற மாற்று மென்பொருளை ஏற்கும் மாடல் என்றால் புதிதாக வாங்கவே வேண்டாம், அதில் இது இலவசம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் வரும்போது வைஃபை 6இ மெஷ் செட் வாங்கி வருகிறேன் என்கிறாள். அங்கே தள்ளுபடியாம்.

பதில்: சேலை, சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 6இ-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்குத்தான். அமெரிக்கா அதில் 1200 மெகாஹெர்ட்ஸை 2020 ஏப்ரலில் மொத்தமாகத் திறந்துவிட்டது. நம் அரசு 2025 மே மாதம் வரைவு விதி வெளியிட்டது கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு மட்டும். அந்த நாட்டுப் பெட்டி இங்கத்து விதியெல்லாம் பார்த்துப் பேசாது. பழுதானால் இங்கே வாரன்டியும் கிடைப்பது கடினம்.

கேள்வி: "5000 சதுர அடி முழுக்க வைஃபை" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என் 1800 சதுர அடி வீட்டிலேயே எட்டவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். பில்லில் திரும்பப் பெறும் கெடு எதுவும் இல்லை.

பதில்: கெடு எழுதாதது உங்களுக்கு நல்லது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. "பிரித்துவிட்டீர்கள்" என்பது அதற்குப் பதில் ஆகாது. வாதம் வரப்போவது "குறையுள்ள" என்ற சொல்லில்தான். சுவரில்லாத மைதானத்தில் 5000 எட்டும் என்பார்கள். அதனால் முதலில் நிறுவனத்தின் உதவி எண்ணில் புகார் பதிந்து, அவர்கள் சொன்ன இடத்தில் பெட்டியை வைத்து, ஒவ்வொரு அறையிலும் அளந்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அட்டைப்பெட்டியில் "வரை" என்ற சொல் இருக்கிறதா, விளம்பரத்தில் இருந்ததா என்று இரண்டையும் போட்டோ எடுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது. ஆனால் அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைக்காரருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாயால் கேட்டதற்கு ரசீது கிடையாது.