நனைவது ஃபில்டர், ஓட்டை வேறு இடம்

கேள்வி: எங்கள் டிராக்டருக்கு 25 வயது. நிறுத்தி வைத்தால் ஃபில்டரிலிருந்து டீசல் சொட்டுகிறது. ஓடும்போது சொட்டுவதில்லை. ஆனால் சேறு அடிக்கையில் அரை மணிக்கு ஒரு தடவை திணறி நின்றுவிடுகிறது. எம்-சீல் பசை வைத்தும் பலனில்லை. டீசல் பம்ப்பை இறக்கி சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: பம்ப்பை இறக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான் காரணம்.

டேங்க் மேலே இருக்கிறது. அதிலிருந்து, டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளும் ஃபீட் பம்ப் வரை வரும் டியூப்பில் விரிசல் இருந்தால், வண்டி நிற்கும்போது டீசல் தன் எடையிலேயே வெளியே வடியும். இன்ஜின் ஓடும்போது ஃபீட் பம்ப் உறிஞ்சுவதால், அதே விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகும்; டீசல் வரத்து அறுந்து இன்ஜின் திணறி நிற்கும். மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்குது' என்பது இதைத்தான். ஃபீட் பம்ப்பைத் தாண்டி, ஃபில்டரிலேயே கசிவு இருந்தால், ஓடும்போதுதான் அதிகம் சொட்டும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. மேலே கசிவது பைப் வழியே இறங்கி ஃபில்டரில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே எம்-சீல் வைத்து என்ன பயன்? டீசல் ஈரத்தில் பசை சரியாக ஒட்டாது என்பது வேறு விஷயம்.

முதலில் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, டேங்க்கிலிருந்து கீழ்வரை முகப்பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

ரப்பர் டியூப் என்றால் துண்டு வெட்டி ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். டீசலுக்கென்று விற்கும் ஹோஸ்தான் வேண்டும். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் டியூப்பை மாட்டிய வண்டிகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். டீசலிலும் சூட்டிலும் அது விறைத்து வெடித்துவிடும். இரும்பு பைப் கிளிப்பில் உரசித் தேய்ந்திருந்தால் புதிது போட்டு, உரசும் இடத்தில் ரப்பர் வையுங்கள்.

பைப் முனையைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டில் கசிந்தால் இரண்டு பக்கக் காப்பர் வாஷரையும் மாற்றுங்கள். சில ரூபாய் சாமான். வயலில் நிற்கும்போது கிடைக்காவிட்டால், பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும், ஒருமுறை தாங்கும். கசிவை நிறுத்துகிறேன் என்று மேலும் மேலும் முறுக்காதீர்கள். உள்ளே துளையுள்ள போல்ட் அது, உடைந்துவிடும்.

அப்புறம் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பில் கையால் அடிக்கும் பிரைமரை அடியுங்கள். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கி, டீசல் பம்ப்பிலும் அதையே செய்யுங்கள்.

டீசல் பம்ப்பிலிருந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் மட்டும் வேறு கதை. இன்ஜின் ஓடும்போது அங்கே விரலால் தடவிக் கசிவு தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்தப் பைப்பை வெல்டிங் வைக்காமல் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஓர் இரவு அடியில் அட்டை விரித்து நிறுத்துங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால், சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலை மாட்டலாம். மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாள் இருக்கிறதே.