ஆலைக் குளத்தில் குமிழியிடுவது என்ன? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். தோட்டப்புறங்களிலிருந்து அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஆலையின் கழிவுக்குளம். எந்நேரமும் குமிழி விடுகிறது, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. அதில் என்ன ரசாயனம் கலக்கிறார்கள்? (வாசகி, கோல சிலாங்கூர்)

எண்ணெய் எடுக்க ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை அம்மா. குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து, எண்ணெயைத் தெளியவைக்கும்போது மிஞ்சுகிற தண்ணீர்தான் அது. நூற்றில் 95 பங்கு தண்ணீர், மீதி பழச்சக்கையும் கொஞ்சம் எண்ணெயும். விஷம் இல்லையே என்று விட்டுவிடவும் முடியாது. அப்படியே ஆற்றில் கலந்தால், அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மீன் செத்து மிதக்கும். எவ்வளவு பிராணவாயு இழுக்கும் என்ற கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம், அதாவது வீட்டுச் சாக்கடையைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஆறுகள் கெட்டுப்போன பிறகு 1977இல் மலேசியா இதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. 1978இல் 5,000 என்று தொடங்கிய வரம்பைப் படிப்படியாக இறக்கி 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். அந்த வரம்பை எட்டத்தான் வரிசையாக இத்தனை குளங்கள்.

ஆனால் அந்த வரம்பு ஆற்றுக்குப் போட்டது, குளத்திலிருந்து காற்றில் போவதை அது தடுக்கவில்லை. நீங்கள் பார்க்கும் குமிழியில் நூற்றுக்கு 60, 65 பங்கு மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பலம் கொண்டது. நாற்றத்துக்குக் காரணம் அதோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு.

அந்த வாயுவைப் பிடித்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? அவ்வளவு நல்லது என்றால் எல்லா ஆலைகளும் ஏன் செய்யவில்லை? (வாசகர், தெலுக் இந்தான்)

ஒரு டன் குலையை அரைத்தால் சுமார் 0.65 டன் கழிவுநீர் வரும், ஒரு டன் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் வாயு தரும். ஆண்டுக்கு 2 லட்சம் டன் குலை வாங்கும் ஆலைக்குப் போட்டுப் பாருங்கள், 36 லட்சம் கன மீட்டர் வருகிறது. அதை எஞ்சினில் எரித்தால் ஆண்டு முழுக்கச் சுமார் ஒரு மெகாவாட் ஓட்டலாம். செய்முறையும் சிக்கலானது இல்லை, குளத்தின் மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி அல்லது மூடிய தொட்டி கட்டி வாயுவைச் சேர்க்க வேண்டும், கந்தகத்தைக் கழுவி எடுக்க வேண்டும் (இதில் சோம்பினால் எஞ்சின் அரித்துப் போகும்), அப்புறம் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும்.

சரி, தடை எங்கே? ஆலைக்குச் சொந்தத்தில் மின்சாரத் தேவை இல்லை என்பதுதான் முதல் தடை. பழத்தைப் பிழிந்து மிஞ்சும் நாரையும் கொட்டையின் மேலோட்டையும் பாய்லரில் எரித்தே நீராவியும் மின்சாரமும் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே வாயு மின்சாரத்தை வெளியே விற்றாக வேண்டும், ஆனால் ஆலையோ தோட்டத்தின் நடுவில் இருக்கும், மின்கம்பி எங்கோ இருக்கும். சபா மாநிலத்தின் உட்பகுதிகளில் இந்தத் தூரம் இன்னும் மோசம். கம்பி இழுக்கும் செலவைப் பார்த்ததும் முதலாளி பின்வாங்கிவிடுகிறார். 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி வந்தது, பழைய ஆலைகள் அதற்கு வெளியே நின்றுவிட்டன. விற்க வழியில்லாத இடத்தில் குளத்தை மூடி வாயுவைச் சும்மா எரித்துவிட்டாலும் போதும் என்பேன். மீத்தேனாகப் போவதைவிட எரிந்து போவது எவ்வளவோ மேல், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நாற்றமும் குறையும்.

பழம் உதிர்த்த வெறுங்குலையை லோரி லோரியாகத் தோட்டத்தில் கொட்டுகிறார்கள். வண்டு பெருகுகிறது. இதையும் எரித்து மின்சாரம் எடுக்கக் கூடாதா? (வாசகர், குளுவாங்)

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெறுங்குலை மூன்றில் இரண்டு பங்கு ஈரம், காயவைக்கவே நிறையச் சக்தி போய்விடும், அதிலுள்ள பொட்டாசியம் பாய்லருக்குள் உருகி ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். அதே பொட்டாசியம் மண்ணுக்குப் போனால் உரம். ஒரு டன் வெறுங்குலையில் சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் 7 கிலோ யூரியாவுக்கும் சமமான சத்து இருக்கிறது, பொட்டாஷை நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். ஒரு காலத்தில் ஆலையிலேயே குலையை எரித்துச் சாம்பலைத் தூவினார்கள், தழைச்சத்து முழுக்கப் புகையோடு போனது.

நீங்கள் சொல்லும் காண்டாமிருக வண்டு குவியலில்தான் முட்டையிடும். ஒரே அடுக்காக, மரங்களுக்கு இடையே ஹெக்டேருக்குச் சுமார் 40 டன் என்று பரப்பினால் அதற்கு அவ்வளவாக இடம் கிடைக்காது. கொட்டிவிட்டுப் போகிறவர்களிடம் பரப்பச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு நல்ல வழி, குலையை நறுக்கி ஆலைக் கழிவுநீரை அதன்மேல் தெளித்துப் புரட்டி மக்கவைப்பது. இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும், இரண்டு கழிவுக்கும் ஒரே வேலையில் வழி பிறக்கும்.

செம்பனைக் கொட்டையின் ஓட்டை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்கிறார்களாமே? (வாசகி, கிள்ளான்)

ஆமாம். காய்ந்த ஓடு நன்றாக எரியும், அங்குள்ள மின்நிலையங்கள் விரும்பி வாங்குகின்றன. பாய்லருக்குப் போக மிஞ்சுவதை விற்பதில் தவறில்லை.

மழை இரவில் ஆலைப் பக்கத்து ஆறு பழுப்பாக ஓடுகிறது. யாரிடம் சொல்வது? (வாசகர், சுங்கை சிப்புட்)

சுற்றுச்சூழல் துறையிடம். நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து, தேதி தெரியும்படி படம் எடுத்து உடனே அனுப்புங்கள். தண்ணீர் ஓடிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது, அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.