திரையில் கோடு வந்தால் மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

லேப்டாப் டிஸ்ப்ளே பற்றி வந்திருக்கும் கேள்விகள் பலவற்றில் ஒரே கவலைதான் தெரிகிறது: "கிராபிக்ஸ் சிப் போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள், நிஜமா?" சில சமயம் நிஜம்தான். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் நீங்களே வீட்டில் பார்த்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. வேறு கோணத்தில் வைத்தால் போய்விடுகிறது. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப் இருப்பது கீபோர்டுக்கு அடியில், மதர்போர்டின் மேல். மூடியை அசைத்தால் அது அசையாது. அசைவது டிஸ்ப்ளே கேபிள். போர்டிலிருந்து கிளம்பி, கீல் வழியாக வளைந்து, பேனலின் (படம் தெரிகிற திரைப் பலகையின்) பின்பக்கம் போய்ச் சேர்கிற மெல்லிய கேபிள் அது. திறந்து மூடும்போதெல்லாம் கீல் இருக்கும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே இழை அறுந்துபோகும். சில லேப்டாப்களில் கேபிள் நன்றாகவே இருக்கும், கனெக்டர் மட்டும் லேசாகக் கழன்றிருக்கும். அதைக் கழற்றி மறுபடி சரியாகச் செருகினாலே போதும்.

உறுதி செய்துகொள்ள லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் சுத்தமாக இருந்து, லேப்டாப் திரையில் மட்டும் கோடு வந்தால் சந்தேகம் கேபிள் மீதும் பேனல் மீதும்தான். கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பியும் பார்க்கலாம். போனில் திறக்கும்போது படத்தில் கோடு இல்லையென்றால், படம் சரியாகத்தான் உருவாகிறது, திரைக்குப் போகிற வழியில்தான் கெடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பல டெல் மாடல்களில் 'டி' விசையைப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் திரை ஒவ்வொரு வண்ணமாக மாறும். கிராபிக்ஸ் சிப்பின் தயவில்லாமல் பேனலை மட்டும் பரிசோதிக்கிற வசதி இது.

கேபிளை மாற்றும்போது கீலின் ஸ்குரூக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கீல் ஆடிக்கொண்டிருந்தால் புதுக் கேபிளும் அறுந்துபோகும்.

விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு திரை மினுக்கிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவரில் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில்) கோளாறு. அது மட்டும் அப்படியே நிற்க, மற்றதெல்லாம் மினுக்கினால் ஏதோ ஒரு புரோகிராம் காரணம். டிரைவர்தான் காரணம் என்றால், விண்டோஸில் உள்ள டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். அந்தப் பட்டன் வேலை செய்யாவிட்டால் உங்கள் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். இன்டெல் கிராபிக்ஸ் உள்ளவர்கள் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' என்ற பேட்டரி சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள். மினுக்கலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேம் ஆடும்போது சிவப்பும் பச்சையுமாகச் சதுரங்கள் வருகின்றன, அப்புறம் படம் உறைந்துவிடுகிறது. மற்ற வேலைகளில் தொந்தரவு இல்லை. ரீபாலிங் (சிப்பைக் கழற்றி, அடியில் உள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாகப் போட்டு ஒட்டுவது) செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இது கவலைப்பட வேண்டிய அறிகுறிதான். மேற்கொண்டு படிப்பதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள்.

கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. ஒன்று பிராசசருக்குள் இருப்பது, இன்னொன்று தனி என்விடியா அல்லது ஏஎம்டி சிப். பிரவுசர், வேர்டு எல்லாம் முதலாவதில் ஓடும். கேம் திறந்தால்தான் தனிச் சிப் விழிக்கும். அதனால்தான் உங்களுக்குக் கேமில் மட்டும் கோளாறு. இதே காரணத்தால் டிவி சோதனையை இங்கே அப்படியே நம்ப முடியாது. சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் தனிச் சிப்போடு இணைந்திருக்கும், சிலவற்றில் இருக்காது.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிப் 2 விநாடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பியது என்று அதற்கு அர்த்தம். ஆனால் சூடு அதிகமானாலும் இப்படி ஆகலாம். ஃபேனில் அடைத்த தூசியை எடுத்து, சூட்டைக் கடத்தச் சிப்பின் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றி, டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். பிறகும் சதுரங்கள் வந்தால், அல்லது டிவைஸ் மேனேஜர் 43 என்ற பிழை எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தால், சிப்போ அதன் மெமரியோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது ரீபாலிங். கிராபிக்ஸ் சிப்பில் சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகம், இரண்டு அடுக்கில் இருக்கிறது. சிலிக்கான் துண்டு சிறிய பலகை ஒன்றின் மேல் மிக நுண்ணிய புள்ளிகளால் ஒட்டியிருக்கும். அந்தப் பலகை, கண்ணுக்குத் தெரிகிற உருண்டைகளால் மதர்போர்டில் ஒட்டியிருக்கும். ரீபாலிங்கில் மாறுவது வெளி உருண்டைகள் மட்டுமே. விரிசல் உள் அடுக்கில் இருந்தால், வேலை நடக்கும்போது படுகிற சூட்டில் அது தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளும், லேப்டாப்பும் ஓடும். பிறகு பழையபடி சதுரங்கள் வந்துவிடும். ஹீட் கன்னில் சூடு காட்டித் தருகிற ரிப்பேருக்கும் இதே கதிதான்.

சிப் பழுது பெரிய கம்பெனிகளுக்கே நேர்ந்ததுதான். லேப்டாப் சிப்கள் சிலவற்றின் பேக்கேஜிங் (சிலிக்கான் துண்டைப் பலகையில் பொருத்தும் முறை) பலவீனத்துக்காக என்விடியா 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2011 மேக்புக் ப்ரோக்களில் வந்த வீடியோ கோளாறுக்கு ஆப்பிள் 2015-இல் இலவச ரிப்பேர் திட்டமே அறிவித்தது.

ஆகவே கடையில் ஒன்று கேளுங்கள்: புதுச் சிப் போடுகிறீர்களா, பழையதையே சூடாக்கித் தருகிறீர்களா? பழையதுதான் என்றால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பை டிஸேபிள் செய்துவிட்டால், கேம் ஆட முடியாதே தவிர, பல லேப்டாப்கள் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தொடர்ந்து உதவும்.

புதிதாக ரேம் சேர்த்ததிலிருந்து திரையில் புள்ளி புள்ளியாக வருகிறது.

புது ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. சிஸ்டம் ரேமில்தான் அது படத்தை வைத்திருக்கும், ஆகவே ரேம் கெட்டால் படமும் கெடும்.

ஃபேன் ஓடுகிறது, சத்தம் வருகிறது, திரை மட்டும் இருட்டு.

இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. பேனல், கேபிள், போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் என்றால் சின்ன வேலை.

மெல்லிய பச்சைக் கோடு ஒன்று மேலிருந்து கீழே நிலையாக நிற்கிறது. மூடியை அசைத்தாலும் மாறவில்லை, டிவியில் தெரியவில்லை.

பேனலைத்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்குவதற்கு முன் பழைய பேனலைக் கழற்றி, பின்னால் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு பேனல் போட்டிருப்பார்கள், கனெக்டரில் 30 பின் (pin) உள்ள பேனலுக்கான கேபிள், 40 பின் உள்ள பேனலில் ஏறாது.