தொழிற்பள்ளிக்குப் போகாமல், வேலை பார்த்துக்கொண்டே கலிஃபோர்னியாவில் முடிதிருத்துநர் லைசென்ஸ் வாங்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். பள்ளி வழி என்றால் 1000 மணி நேரம் போதும். 2022-க்கு முன் பார்பருக்கு 1500, அழகுக்கலைக்கு 1600 கேட்டார்கள், செய்முறைத் தேர்வும் இருந்தது; இப்போது எழுத்துத் தேர்வு மட்டும்தான். அப்ரண்டிஸாக, அதாவது கடையில் வேலை பழகுபவராகப் போனால் லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் 3200 மணி நேரம், ஏறக்குறைய இரண்டு வருடம், கூடவே வகுப்பும் உண்டு. ஃபீஸ் கட்டுவதற்குப் பதில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம் என்பதால், கையில் காசில்லாதவருக்கு இதையே சொல்வேன். கத்தரி பிடிப்பதைவிட சுத்தம்தான் முக்கியம்: சீப்பு கிருமிநாசினியில் முழுசாக மூழ்க வேண்டும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தப்பு. அப்புறம், நூலால் புருவம் திருத்த அங்கே லைசென்ஸே வேண்டாம்!