இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குகள் காதுக் குறும்பி எடுப்பது, ரத்தம் எடுப்பது போன்றவற்றை ஏன் நிறுத்துகின்றன?

பணம் வரும் விதம்தான் முக்கியக் காரணம். அங்கே பெரும்பாலான ஜிபி கிளினிக்குகளை டாக்டர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து, அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறார்கள். பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கை, வயது போன்றவற்றை வைத்து ஒரு தொகை வரும். ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் இருபது முறை வந்தாலும் அந்த அடிப்படைத் தொகை மாறாது. செலவு ஏறினால் நோயாளியிடம் கட்டணம் வாங்கவும் வழியில்லை.

2025 ஏப்ரலில் ஊழியர்களுக்காக முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீடு (சம்பளத்தின் மேல் வரும் ஒரு வரி) 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. என்எச்எஸ் மருத்துவமனைகளுக்கு அரசு அதை ஈடுகட்டியது. ஜிபிக்களுக்குத் தனி விலக்கு இல்லை. ஒப்பந்த நிதியில் 88.9 கோடி பவுண்ட் கூட்டினார்கள், உண்மைதான். ஆனால் சம்பள உயர்வும் இந்த வரியும் அதிலிருந்தே போக வேண்டும்.

சரி, எதைக் குறைப்பார்கள்? அடிப்படை ஒப்பந்தத்தில் இல்லாததைத்தான். காதுக் குறும்பி எடுப்பது அப்படிப்பட்டது. ரத்தம் எடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றுக்குப் பல இடங்களில் உள்ளூர் அளவில் தனி நிதி வர வேண்டும். அது போதாவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். அதிகம் கஷ்டப்படுவது தூரம் போக முடியாத வயதானவர்கள். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

உங்கள் கிளினிக்கில் நிறுத்தினால் வரவேற்பில் இருப்பவரிடம் கோபப்படாதீர்கள், முடிவு அவருடையது அல்ல. மாற்று இடம் எது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் பகுதி இன்டகிரேட்டட் கேர் போர்டுக்கு எழுதுங்கள். உள்ளூர்ச் சேவைகளுக்கு நிதி ஒதுக்குவது அவர்கள்தான்.