ஏர் பிஸ்டல் வாங்குமுன்: கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி பற்றி நீலகிரி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாக இதைத்தான் பிடித்து வருகிறேன். ரைபிளும் வேட்டையும் என் துறை அல்ல.

அக்கா, என் மகளுக்கு 14 வயது. போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். எந்த பிஸ்டல் வாங்குவது? லைசென்ஸ் வேண்டுமா? (குன்னூர்)

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் அம்மா. ஆறு மாதம் சுடுதளத்துப் பிஸ்டலிலேயே பழகட்டும். வளரும் கைக்கு இன்று பொருந்தும் கைப்பிடி அடுத்த ஆண்டு பொருந்தாது.

வாங்கும் நாள் வரும்போது பெயரைப் பார்க்காதீர்கள், கைப்பிடியைப் பாருங்கள். மகள் பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக் கையை உயர்த்தட்டும். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறக்கும்போது, குழாய் முனையிலுள்ள முன்குறி, கண்ணருகே உள்ள பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அந்தக் கைப்பிடி அவளுக்கு உரியதல்ல. மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யப் பழகினால் அந்தப் பழக்கத்தை விடுவிக்க எனக்கு ஒரு வருடம் ஆகும்.

அடுத்தது எடை. விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது. ஆனால் 75 நிமிடத்தில் 60 முறை ஒரே கையால் தூக்க வேண்டும் என்பதால், சிறுமிக்கு இலகுவானதே நல்லது. விசையை (டிரிகரை) இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள்.

4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும். தோட்டா சுடும் பாயிண்ட் 22 பிஸ்டலுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாம் என்பதால் இதை விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடாதீர்கள். சுடாத நேரத்தில் குழாய்க்குள் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

தோட்டத்தில் குரங்கும் காட்டுப்பன்றியும் தொல்லை. ஏர் பிஸ்டல் உதவுமா? (கூடலூர்)

உதவாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறையிடம் பேசுங்கள்.

பழைய பிஸ்டல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (உதகை)

முதலில் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பத்து ஆண்டு கடந்த சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். உள்ளே 200 பார் வரை அழுத்தம் இருக்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மலையில் இன்னொன்று: மூடுபனியில் நடந்து வந்து சூடான அறையில் உடனே பெட்டியைத் திறந்தால் இரும்பு வியர்த்துவிடும். அறையின் வெப்பத்துக்குப் பெட்டி வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு எண்ணெய்த் துணியால் துடையுங்கள். குழாய்க்குள் கயிறு போட மறக்காதீர்கள்.

எந்தக் கம்பெனி சிறந்தது அண்ணி? (அரவங்காடு)

ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் எல்லாமே போட்டிக்குத் தகுந்தவை. உங்கள் கைக்கு எது பொருந்துகிறதோ அது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வெள்ளி வென்றார். பிறகு எதற்கு இத்தனை செலவு? (வெலிங்டன்)

பாதி சரி தம்பி. கண்மறைப்பும் தனி லென்ஸும் தொடக்கத்தில் உங்களுக்கும் வேண்டாம். ஆனால் அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த பிஸ்டல். 2008 பெய்ஜிங் முதல் ஒலிம்பிக் கண்டவர். பாக்கெட்டில் கை வைப்பதும் அலட்சியம் அல்ல. ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும் என்பதால், ஆடும் மறு கை தோளை அசைக்காதபடி எல்லோரும் அதைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ நிறுத்துகிறோம். அந்தப் பதக்கம் கலப்பு அணியில் வந்தது. உடன் நின்ற ஷெவ்வால் இலாய்டா தர்ஹானையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் ஸ்பிரிங் பிஸ்டல் போதுமே? (மீண்டும் வெலிங்டன்)

போதாது. குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் பாய்ந்து பிஸ்டலை உலுக்குகிறது. குறி தவறியது உங்கள் கையாலா, உலுக்கலாலா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத தவறை எப்படித் திருத்துவீர்கள்?

எலக்ட்ரானிக் விசைதான் மிருதுவானது. அதை ஏன் சொல்லவில்லை? (கோத்தகிரி)

மிருதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2021இல் டோக்கியோவில் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் கோளாறால் பொன்னான நிமிடங்களை இழந்ததைப் பார்த்தோம். அவர் எழுந்து 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். அவருக்கு உடன் ஆட்கள் இருந்தார்கள். பழுது பார்ப்பவரைத் தேடி மலையிறங்க வேண்டிய நமக்கு, முதல் பிஸ்டலில் இயந்திர விசையே நல்லது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

எந்தக் கம்பெனி நல்லது? (குந்தா)

மேலே அரவங்காட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது முறை இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

எந்தக் குண்டு? (உதகை)

தட்டைத் தலைக் குண்டு, தாளில் வட்டமாக வெட்டும். அது ஈயம். சுட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் டீயைத் தொடாதீர்கள்.

அக்கா, மகள் கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். இரண்டு குறிகளும் நேராக நிற்கின்றன, ஆனால் இலக்குத் தாளுக்கு இடப்பக்கம் போய்விடுகிறது. (குன்னூர்)

கைப்பிடி பொருந்திவிட்டது அம்மா. பிஸ்டலில் எதையும் திருகாதீர்கள், கையையும் வலப்பக்கம் இழுக்க வேண்டாம். பின்காலைச் சிறிது நகர்த்தி நிற்கச் சொல்லிவிட்டு, மறுபடி கண்ணை மூடச் சொல்லுங்கள்.